பாதி வளர்ந்த பல்லும் ரூட் கேனாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் 14 ஆண்டுகளாக மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்கிறேன். நாற்காலியில் படுத்தபடி ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் "ஓகே" சொல்லிவிட்டு, கவுண்டருக்கு வந்ததும் "தங்கச்சி, அவங்க என்ன சொன்னாங்க?" என்று தமிழில் கேட்பவர்கள் நிறையப் பேர். அண்மையில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "செத்த நரம்பையே திரும்ப வளர வைக்கிறாங்களாமே, பிறகு எதுக்குப் பழைய ரூட் கேனால்?" அதற்கும் அதை ஒட்டிய கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு சொல்லவேண்டியவர் உங்கள் பல் மருத்துவர்தான்.

ரூட் கேனால் என்றால் நரம்பைப் பிடுங்குவதுதானே?

பாதி சரி. பல்லின் வெளியே தெரிவது எனாமல். அதற்கு அடியில் டென்டின் என்ற மஞ்சள் நிற அடுக்கு. அதற்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் வேர் நுனிவரை ஓடுகிறது. அதில் நிறைந்திருக்கும் மென்மையான திசுதான் பற்கூழ். நரம்பு, ரத்தக்குழாய், டென்டினைக் கட்டும் உயிரணுக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நாம் "நரம்பு" என்று சொல்வது இந்த மொத்தத்தையும்தான்.

சொத்தை ஆழமாகப் போனாலோ பல் உடைந்தாலோ கிருமி அதற்குள் புகுந்துவிடும். சுற்றிலும் கெட்டிச் சுவர் என்பதால் கூழ் வீங்க இடமில்லை. ராத்திரி தூங்கவிடாமல் குத்தும் வலி அதனால்தான். சில நாளில் கூழ் செத்ததும் வலி தானாகவே நின்றுவிடும். "பனடோல் போட்டேன், சரியாகிடுச்சு" என்று பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். வலி நின்ற பிறகும் கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வழக்கமான ரூட் கேனாலில் அந்தக் கூழை எடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, அடைத்து மூடுகிறார்கள். முதலில் மரத்துப்போக ஊசி. அப்புறம் அந்த ஒரு பல் மட்டும் தலைநீட்டும்படி வாயின் மேல் ரப்பர் திரை. எச்சில் உள்ளே போகாமலும் மருந்து தொண்டைக்குள் இறங்காமலும் அது காக்கிறது. பிறகு பல்லின் மேலே சின்னத் துளை போட்டு, தையல் ஊசியைவிட மெல்லிய அரங்களால் குழாயின் சுவரைச் சுரண்டுகிறார்கள். இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். வீட்டில் குளியலறை கழுவும் பிளீச்சில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான், அளவோடு கலந்தது. கடைசியில் காகிதத் திரியை உள்ளே விட்டு ஈரத்தை உறிஞ்சுவோம். முதல் திரி நனைந்து துவண்டு வரும். மூன்றாவது, நான்காவது திரி விறைப்பாக, வெள்ளையாக வெளியே வந்தால் அடைக்கத் தயார் என்று பொருள்.

உள்ளே அடைக்கும் ரோஸ் நிறக் குச்சி என்ன?

அதன் பெயர் குட்டா பெர்ச்சா. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி, ஏனென்றால் அது நம் மண்ணின் மரம். மலாயில் கெத்தா என்றால் மரப்பால். பலாகியம் குட்டா என்ற மரத்தின் பால் அது. சிங்கப்பூரிலும் மலாய்த் தீபகற்பத்திலும் அந்த மரம் இயற்கையாகவே வளர்ந்தது. இங்கிருந்த மலாய்க்காரர்கள் அதைச் சுடுநீரில் இளக்கிப் பராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். 1840களில் இங்கே அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி அதைக் கவனித்து மாதிரிகளை வெளியே அனுப்பினார். கொஞ்ச காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது உலகம் முழுவதும் போனது. அந்தத் தேவைக்காக இந்த வட்டாரத்தில் மரங்களை வெட்டித் தள்ளினார்கள் என்பது வருத்தமான கதை. 1867இல் போமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேர்க்குழாயை அடைக்க அதைப் பயன்படுத்தினார். இன்றுவரை உலகம் முழுவதும் அடைப்பது அதைக்கொண்டுதான். உடம்பு அதை எதிர்ப்பதில்லை, சூட்டில் இளகும், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கவும் முடியும்.

அப்படியானால் நரம்பைத் திரும்ப வளர வைப்பதாகச் சொல்லும் மீளுருவாக்க சிகிச்சை என்பது என்ன?

குழாயைச் சுத்தம் செய்த பிறகு குட்டா பெர்ச்சாவால் அடைக்காமல், உடம்பே அங்கே புதுத் திசுவை வளர்த்துக்கொள்ள வழிவிடுவது. வேர் நுனிக்கு அப்பால் இருக்கும் ரத்தத்தையும் அதோடு வரும் குருத்தணுக்களையும் (வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) குழாய்க்குள் வரவழைத்து, பல்லின் மேலே போட்ட துளையை மட்டும் மூடிவிடுகிறார்கள். நன்றாக அமைந்தால் நின்றுபோன வேர் மறுபடி நீளும், சுவர் தடிக்கும், நுனி மூடும்.

யோசனை புதிதில்லை. நார்வேயைச் சேர்ந்த நைகார்ட் ஓஸ்ட்பி 1961இலேயே ரத்த உறைவை வைத்து இதை ஆராய்ந்தார். 2001இல் ஜப்பானிலிருந்தும் 2004இல் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்த இரண்டு நோயாளிகளின் விவரங்களுக்குப் பிறகுதான் பல் மருத்துவ உலகம் இதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. இரண்டுமே கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல், அதாவது கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே இருப்பது. அந்தப் பல்லைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வி வருகிறது.

எனக்கு 45 வயது. எனக்கு அந்தப் புது முறையே செய்யச் சொல்லலாமா?

இதற்கு நேரடியாகவே சொல்கிறேன்: உங்களுக்குப் பொருத்தமானது வழக்கமான ரூட் கேனால். அதைக் குறைந்த தரமான ஒன்றாக நினைக்காதீர்கள். முழுதாக வளர்ந்த பல்லின் வேர் நுனியில் இருக்கும் துவாரம் கடுகைவிடச் சின்னது. அந்த வாசல் வழியாக ஒரு குழாயை நிரப்பும் அளவுக்குப் புதுத் திசு வருவது கடினம். உங்கள் வேர்ச்சுவர் ஏற்கெனவே தடித்து உறுதியாக இருப்பதால் அதை வளர்த்துத் தரவேண்டிய தேவையும் இல்லை.

பெரியவர்களின் பல்லிலும் கூழை வளர்க்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஜப்பானில் நோயாளியின் சொந்தப் பற்கூழ்க் குருத்தணுக்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு 2017இல் வெளிவந்தது. சீனாவில் பால்பல்லின் குருத்தணுக்களை அடிபட்ட நிரந்தரப் பல்லுக்குள் வைத்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரண்டும் நம்பிக்கை தருபவை. ஆனால் வலிக்கும் பல்லோடு இன்று வரும் ஒருவருக்கு நாற்காலியில் செய்யும் அன்றாட வேலையாக அவை இன்னும் ஆகவில்லை.

பிள்ளைகளின் பல்லில் மட்டும் என்ன வித்தியாசம்?

ஈறைப் பிளந்து பல் வெளியே வரும்போது வேர் முழுதாக வளர்ந்திருக்காது. மீதியை அது அடுத்த சுமார் மூன்று ஆண்டுகளில் வளர்த்து நுனியை மூடிக்கொள்கிறது. மேல் நடு முன்பல் 7, 8 வயதில் முளைக்கும். அதன் வேர் முடிய ஏறக்குறைய 10 வயதாகும். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 11, 12 வயதில் வந்து 13, 14இல் முடியும். நடுவில் கூழ் செத்துவிட்டால் வளர்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பல்லின் எக்ஸ்ரேயைப் பார்த்தால் புட்டுக்குழல் மாதிரி இருக்கும். சுவர் மெல்லிசு, அடிப்பக்கம் அகலத் திறந்திருக்கும். இங்கேதான் பழைய முறைக்குச் சிக்கல். மேலிருந்து குட்டா பெர்ச்சாவை அழுத்தினால் அடியில் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. அப்படியே அடைத்தாலும் சுவர் மெல்லிசாகவே இருப்பதால் பிறகு ஒரு சின்ன அடியில் வேர் முறிந்துவிடலாம்.

இதற்கு முன்பு செய்தது, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தைப் பல மாதங்கள் மாற்றி மாற்றி வைத்து, நுனியில் ஒரு கெட்டித் தடுப்பு உருவாகக் காத்திருப்பது. ஓராண்டுக்கு மேலும் ஆகும். நீண்ட நாள் அந்த மருந்து இருந்தால் டென்டின் பலவீனப்படும் என்று பிறகு தெரியவந்தது. 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் உருவாக்கிய எம்டிஏ என்ற சிமெண்டு வந்தபின், நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் அடைப்பு வைத்து ஓரிரு வருகையில் முடிக்க முடிந்தது. அது இன்றும் மிக நல்ல முறை. அதில் முடியாதது ஒன்றே ஒன்று: வேர் மேற்கொண்டு வளராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மீளுருவாக்க முறை.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு ரூட் கேனால் தேவை என்று யாராவது சொன்னால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "வேர் நுனி மூடிடுச்சா, இன்னும் திறந்திருக்கா?" மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாற்காலியில் என்ன நடக்கும்?

குறைந்தது இரண்டு வருகைகள். முதல் நாள் மரத்துப்போக ஊசி, ரப்பர் திரை, துளை, எல்லாம் வழக்கம்போல. ஆனால் சுவரை அதிகம் சுரண்டுவதில்லை, அது ஏற்கெனவே மெல்லிசு. கழுவும் கரைசலும் 1.5 சதவீதம்தான், வழக்கமான முறையில் 5 சதவீதத்துக்கு மேலும் போவதுண்டு. அவ்வளவு காரமாக இருந்தால் கிருமியோடு சேர்ந்து நமக்கு வேண்டிய குருத்தணுக்களும் செத்துவிடும். பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடையோ, மிகக் குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் கலவையையோ உள்ளே வைத்து மூடி, ஒன்று முதல் நான்கு வாரங்கள் கழித்து வரச் சொல்வார்கள்.

இரண்டாம் முறை வரும்போது சீழ், வீக்கம், வலி எதுவும் இல்லையென்றால்தான் அடுத்த படி. இருந்தால் மருந்தை மாற்றி இன்னும் காத்திருக்க வேண்டும். இந்த நாள் போடும் ஊசி வேறு. வழக்கமான ஊசியில் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்திருக்கும். இங்கே ரத்தம் வரவேண்டும் என்பதால் அது கலக்காத மெபிவகெய்ன். மருந்தைக் கழுவி எடுத்தபின் 17 சதவீத இடிடிஏ கரைசலால் மெதுவாக அலசுவார்கள். டென்டின் உருவான காலத்தில் அதற்குள் சிறைப்பட்ட வளர்ச்சிப் புரதங்கள் இருக்கின்றன. இடிடிஏ சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து அவற்றை வெளியே விடுகிறது. குருத்தணுக்களுக்கு அதுதான் அழைப்பு.

அப்புறம் மெல்லிய அரத்தை வேர் நுனிக்கு அப்பால் இரண்டு மில்லிமீட்டர் போல விட்டு லேசாகக் கீறுவார்கள். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசமாட்டோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இருண்ட கிணற்றின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அது பளபளத்து, மெதுவாக ஏறி, ஈறின் மட்டத்துக்கு வரும். நான் சின்னப் பஞ்சை நனைத்து நீட்டுவேன். ரத்தம் உறையச் சில நிமிடங்கள் காத்திருப்போம். அந்த உறைவின் மேல் எம்டிஏ போன்ற சிமெண்டு, அதன் மேல் ஃபில்லிங். அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு ரத்தம் எவ்வளவு முயன்றாலும் வராது. அப்போது கையில் எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஃபைப்ரினை (ரத்தம் உறைய உதவும் புரதம்) வைப்பதுண்டு, அல்லது எம்டிஏ அடைப்புக்கு மாறிவிடுவார்கள்.

வலிக்குமா?

செய்யும்போது இழுப்பது, அழுத்துவது போலத் தெரியும். கீறும் கணத்தில் சுருக்கென்று இருக்கலாம், பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாள் கடிக்கும்போது லேசான வலி சகஜம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அழையுங்கள்.

உள்ளே உண்மையிலேயே புதுப் பற்கூழ்தான் வளர்கிறதா?

பெயரில் "மீளுருவாக்கம்" இருப்பதால் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிறகு வேறு காரணத்துக்காகப் பிடுங்கிய இப்படிப்பட்ட பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே பெரும்பாலும் இருந்தது வேரின் மேற்பூச்சான சிமெண்டம் போன்ற திசு, எலும்பு போன்ற திசு, வேரைத் தாடையோடு கட்டும் நார் போன்ற திசு. அசல் பற்கூழும் அசல் டென்டினும் அரிது. மருத்துவர்களிலேயே சிலர் இதைப் "பழுதுபார்ப்பு" என்றுதான் சொல்லவேண்டும் என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பெற்றோருக்கு அந்தச் சொல்லையே சொன்னால் ஏமாற்றம் குறையும்.

நடைமுறையில் இப்படி எதிர்பாருங்கள்: கிருமி அடங்கி, நுனியைச் சுற்றிய எலும்பு ஆறுவது பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிறது. வேர் நீள்வதும் தடிப்பதும் ஒருவருக்கு ஒருவர் மாறும்; சிலருக்கு எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், சிலருக்குக் கொஞ்சமும் இருக்காது. குளிர்ச்சி தெரிவது சிலருக்குத் திரும்பும். சிலருக்கு வருடங்கள் போகப்போகக் குழாய் முழுவதும் சுண்ணாம்பு படிந்து அடைபட்டுவிடும்.

இரண்டில் எது அதிக நாள் நிற்கும்?

வளர்ந்த பல்லில் வழக்கமான ரூட் கேனாலின் கணக்கு மிக வலுவானது. 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 சதவீதம் முழு உறை (கிரவுன்) போடாத பற்கள். இதைத்தான் கவுண்டரில் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்: கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் முடிந்தபின் கிரவுன் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேர் நுனி திறந்த பல்லில் எம்டிஏ அடைப்பும் மீளுருவாக்கமும் பல்லைக் காப்பாற்றுவதில் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. மிகச் சின்ன வயதில், வேர் குட்டையாக இருக்கும்போது மீளுருவாக்கத்தை முதலில் முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. அது தோற்றால் பிறகு எம்டிஏ அடைப்புக்குப் போகலாம், கதவு மூடவில்லை. ஆனால் பல்லின் மேல்பகுதி மொத்தமும் போய், உள்ளே தண்டு வைத்துத்தான் பல்லைக் கட்டமுடியும் என்றால் மீளுருவாக்கம் ஒத்துவராது. தண்டு நிற்கவேண்டிய இடத்தில்தான் திசு வளரவேண்டும்.

பல் கறுத்துவிடும் என்கிறார்களே?

நடக்கலாம். ஆன்டிபயாட்டிக் கலவையில் மினோசைக்ளின் இருந்தால் பல் சாம்பல் நிறமாகும். பழைய வகை எம்டிஏவும் கறை தரும். முன்பல் என்றால் மினோசைக்ளின் இல்லாமல் செய்யமுடியுமா, கறை தராத சிமெண்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பல் உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. எந்தச் சிகிச்சை?

பெரும்பாலும் இரண்டும் வேண்டாம்! சிவப்பு என்றால் கூழ் உயிரோடு இருக்கிறது. மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நீக்கி, மருந்துச் சிமெண்டால் மூடினால் மீதிக் கூழ் பிழைத்து, வேரை அதுவே அசல் டென்டினால் கட்டி முடிக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த செவெக் 1970களில் இதை நிறுவினார். உடம்பு தானாகச் செய்யும் வேலைக்கு எந்த மீளுருவாக்கமும் ஈடாகாது. அதனால் அன்றைக்கே வாருங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டு எடுத்து வாருங்கள், ஒட்டமுடியலாம்.

பல் முழுதாகவே கழன்று விழுந்துவிட்டால்?

பால்பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது. நிரந்தரப் பல் என்றால் நிமிடங்கள் முக்கியம். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் நேராகச் சொருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓடிவாருங்கள். சொருகப் பயமாக இருந்தால் குளிர்ந்த பசும்பாலில் போடுங்கள். பக்கத்து செவன் இலெவனில் கிடைக்கும் பாக்கெட் பால் போதும். ஒரு முறை கோப்பிக்கடையில் வாங்கிய கெட்டிப்பாலில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சர்க்கரைப் பாகு போன்ற அது ஆகாது. வெறும் தண்ணீரும் வேண்டாம்.

வேர் நுனி திறந்த பல்லைச் சீக்கிரம் திரும்ப வைத்தால், ரத்த ஓட்டம் தானாகவே உள்ளே திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால் உடனே ரூட் கேனால் செய்யாமல் கண்காணிப்பார்கள். நுனி மூடிய பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் ரூட் கேனால் தொடங்குவார்கள்.

மகளின் பல் நடுவில் முள் மாதிரி ஒரு மேடு இருக்கிறது. கவலைப்படவேண்டுமா?

முன்கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பக்கத்தில் அரிசி நுனி போல ஒரு மேடு சிலருக்கு இருக்கும். சீன வம்சாவளியினரிடம் அதிகம், ஆகவே கலப்புத் திருமணக் குடும்பங்களில் நம் பிள்ளைகளிடமும் பார்க்கிறோம். அந்த மேட்டுக்குள்ளும் கூழின் ஒரு கிளை ஓடும். மேல் பல் இடித்து அது உடைந்தால் சொத்தையே இல்லாத புதுப் பல் உள்ளே செத்துவிடும். 2001இல் ஜப்பானிலிருந்து வெளிவந்த விவரத்தில் இருந்ததும் இப்படிப்பட்ட பல்தான். முளைத்த உடனே காட்டினால் சுற்றிலும் ரெசின் என்ற பல் நிறப் பிசின் வைத்துக் காப்பாற்றலாம்.

சிங்கப்பூரில் எங்கே போவது? செலவு எப்படி?

தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளிப் பல் மருத்துவ சேவையிலேயே முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தக் கடிதத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். வேர் நுனி திறந்த பல்லுக்கு ரூட் கேனால் நிபுணர் அல்லது குழந்தைப் பல் நிபுணர் தேவை. இரண்டும் சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் துறைகள். மருத்துவரின் பெயர் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்க்கலாம். தேசியப் பல் மருத்துவ நிலையம் ஊட்ரமில் இருக்கிறது, கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகத்தின் வாய்நல நிலையம் இருக்கிறது. பாலிகிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டிவரும். சீழ் இருக்கிறது என்பதை வரிசையிலேயே சொல்லுங்கள்.

அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்டமான சாஸின் நீலம், ஆரஞ்சு நிற அட்டைகளுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்தோருக்கும் ரூட் கேனாலுக்கு ஒரு பகுதி மானியம் உண்டு. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ், பல் விஷயத்தில் முக்கியமாக அறுவை சிகிச்சைக்கானது. விதிகள் மாறிவருவதால் போகும் கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பல்லுக்கு ஒரு குழாய், கடைவாய்ப்பல்லுக்கு மூன்று நான்கு. அதனால் வெள்ளியும் வேறுபடும், கிரவுனுக்குத் தனி.

ஊருக்குப் போகும்போது திருச்சியிலோ சென்னையிலோ செய்துகொள்ளலாமா?

பெரியவர்களின் வழக்கமான ரூட் கேனாலை நல்ல மருத்துவரிடம் அங்கே செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். ரப்பர் திரை போடுவார்களா என்று மட்டும் கேளுங்கள். முடித்ததும் எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வாருங்கள். அது இல்லாமல் இங்கே வரும்போது நாங்கள் இருட்டில் தேடவேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு மீளுருவாக்கம் என்றால் என் அபிப்பிராயம் வேறு. இரண்டு வருகைக்கு நடுவே வாரங்கள், அதன்பின் ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே. ஒரே இடத்தில், ஒரே கண் பார்ப்பது நல்லது.

ரூட் கேனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1920களில் சொன்ன கருத்தின் மிச்சம் அது. அவருடைய சோதனை முறைகளிலேயே கோளாறு இருந்தது, பிறகு வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தியை நம்பி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

பால்பல்லைக் குருத்தணு வங்கியில் சேமித்து வைக்கவேண்டுமா?

பால்பல்லில் குருத்தணு இருப்பது 2003இல் கண்டறியப்பட்டது உண்மை. ஆனால் மேலே விவரித்த சிகிச்சைக்கு அது தேவையில்லை. வேண்டிய அணுக்கள் பிள்ளையின் வேர் நுனியிலேயே இருக்கின்றன.

முடிந்தபின் எத்தனை நாள் பார்க்கவேண்டும்? பிடுங்கிவிட்டால் சுலபம் இல்லையா?

6 மாதம், 12 மாதம், 24 மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை சில ஆண்டுகள். முதல் ஓராண்டில் நுனியைச் சுற்றிய கறுப்பு நிழல் மறைகிறதா என்று பார்ப்பார்கள். வேர் தடிப்பது தெரிய ஓராண்டு, இரண்டாண்டு ஆகும்.

பிடுங்குவது பற்றி என் அக்கா மகனை வைத்தே சொல்கிறேன். எட்டு வயதில் புளோக்குக் கீழ்த்தளத்தில் ஓடி விழுந்து முன்பல் முனை உடைந்தது. வலி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஈறில் பருப்பு அளவு கொப்புளம். முதலில் போன இடத்தில் எடுத்துவிட்டுச் செயற்கைப் பல் மாட்டலாம் என்றார்களாம். அக்கா எனக்கு அழைத்தபோது அழுதுகொண்டிருந்தாள். தாடை வளர்ந்து முடியும்வரை, அதாவது பதின்ம வயதின் கடைசிவரை, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் வைக்கமுடியாது. பத்து ஆண்டுக்கும் மேல் பிள்ளை கழற்றி மாட்டும் பல்லோடு பள்ளிக்குப் போகவேண்டும், அந்த இடத்து எலும்பும் கரையும். "எடுக்கச் சொல்லாதே அக்கா, நிபுணரிடம் கேட்போம்" என்றேன்.

நிபுணரிடம் மீளுருவாக்க சிகிச்சை மூன்று வருகையில் முடிந்தது. ஆறாம் மாதம் நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. பதினெட்டாம் மாத எக்ஸ்ரேயை முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். வேர் அதிகம் நீளவில்லை. ஆனால் சுவர் தடித்து, நுனி குவிந்திருந்தது. ஐஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, நிறமும் பக்கத்துப் பல்லைவிட ஒரு நிழல் மங்கல். அடுத்த பரிசோதனை டிசம்பர் விடுமுறையின் முதல் வாரம். திருச்சிக்கு டிக்கெட்டை அக்கா அதற்குப் பிறகுதான் போட்டிருக்கிறாள்.